ஏலாமையும் விடாமையும்

முசலியில், எமது பாடசாலையின் பழைய கணினியில் லினக்ஸ் நிறுவினோம். மாணவர் கேட்ட முதற் கேள்வி, விண்டோஸ் விளையாட்டுகள் இதில் ஓடுமா என்பதே.

ஓடும். விளையாட்டு விண்டோஸை நோக்கி எழுப்பும் அழைப்புகளை லினக்ஸ் அறியும் அழைப்புகளாக மாற்றித் தருகிறது, 1993இல் தொடங்கிய வைன். பல நாட்டவர் உழைப்பில் விளைந்த அப்பொதுச் சொத்தின்மீதே வால்வ் நிறுவனம் 2018இல் புரோட்டனைக் கட்டியது.

ஆயினும், பிள்ளைகள் பெரிதும் விரும்பிய விளையாட்டு மறுத்தது. அதன் மோசடித் தடுப்பு நிரல் லினக்ஸிலும் இயங்க வல்லதே; உரிமையாளர் இசையவில்லை.

"ஏலாது எண்டில்ல சேர், விட மாட்டாங்க" என்றான் ஒருவன்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, 2009இன் பின் மீண்ட குடும்பத்தின் பிள்ளை அவன். அவ்வேறுபாட்டை அவனுக்கு நாம் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.