கல்லறைத் தோட்டத்துச் சுவர்

என் மாணவப் பிள்ளைகளுக்கும் சொந்தபந்தங்களுக்கும் டீச்சர் எழுதுவது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

நம் பள்ளியில் சத்துணவு சமைத்துப் போட்ட ஆயா போன வாரம் இறந்துபோனார்கள். உங்களில் பாதிப் பேர் அவர்கள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். முட்டை போடும் நாளில் யாருக்காவது விட்டுப்போச்சா என்று இரண்டு தடவை வரிசையைப் பார்ப்பார்கள்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். நல்ல மழை. கரிசல் மண் நனைந்தால் என்ன ஆகும் என்று கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்துக்கு முன்பக்கம் சிமெண்ட் ரோடும் இரும்புக் கேட்டும் உண்டு. பெட்டி அந்த வழியாகப் போகவில்லை. தோட்டத்துக்கு நடுவில் ஒரு சுவர். ஆயாவின் ஜனங்களுக்குச் சுவருக்குப் பின்பக்கம்தான். பருத்திக்காட்டு ஓரமாகச் சேற்றில் சறுக்கிச் சறுக்கித் தூக்கிப் போனார்கள். வழியில் இரண்டு இடத்தில் பெட்டியை இறக்கி வைத்தார்கள்.

குழிமேட்டில் ஐயர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். கடைசி நாளில் எக்காளச் சத்தம் கேட்டுக் கல்லறைகள் எல்லாம் திறக்கும் என்றார். பக்கத்தில் நின்ற ஆயாவின் பேத்தி, என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவள், மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், அன்னைக்கும் எங்களுக்குப் பின்வாசல்தானா?"

35 வருடம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டவள் நான். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

சின்ன வயதிலிருந்தே கடைசிக்காலச் செய்தி கேட்டு வளர்ந்தவள்தான் நானும். கன்வென்ஷன் பந்தலில் ஏழு தலை மிருகத்தின் படத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன். 1999 டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், விடிந்தால் உலகம் இருக்குமா என்று பயந்தவர்களில் நானும் ஒருத்தி. கொரோனா சமயத்தில் தடுப்பூசியையும் 666-ஐயும் முடிச்சுப் போட்டு வந்த வாட்ஸ்அப் செய்தியை நானே நாலு பேருக்கு அனுப்பினேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. யுத்தம், பூமியதிர்ச்சி, கொள்ளைநோய் எல்லாம் அடையாளம் என்றார்கள். அந்தச் சுவரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேட்டவர்களுக்கு, "கர்த்தர் வரும்போது எல்லாம் சரியாகும்" என்பார்கள். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

வெளிப்படுத்தின விசேஷத்தில், எல்லா ஜாதியாரும் சிங்காசனத்துக்கு முன் ஒன்றாக நிற்பதாக வரும். பழைய மொழிபெயர்ப்பில் ஜாதி என்றால் தேசத்து மக்கள் என்று பொருள். சிறுமியாக இருந்தபோது எனக்கு அது தெரியாது. நம்ம ஊர் சாதி என்றே நினைத்து, அங்கே எல்லாரும் ஒன்றாக நிற்பார்கள் போல என்று சந்தோஷப்பட்டேன். தப்பாகப் புரிந்துகொண்டதுதான் சரியோ என்று இப்போது தோன்றுகிறது.

இது எங்கள் ஊரில் மட்டும் உள்ளதல்ல. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் என்று பிரித்துச் சுவர் இருந்தது. 1910-ல் கௌசானல் சாமியார் காலத்தில் அதை இடித்தார்கள். தனி இடம் எங்கள் உரிமை என்று சிலர் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போயும் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரவில்லை. நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம் சுவர் இன்னும் நிற்கிறது.

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கும் இதே உபதேசம்தான் நடந்தது. இங்கே பொறுத்துக்கொள், மோட்சத்தில் கிடைக்கும் என்று. மார்ட்டின் லூதர் கிங்கும் ஒரு போதகர்தான். 1968 ஏப்ரல் 3-ம் தேதி, வேலைநிறுத்தம் செய்த துப்புரவுத் தொழிலாளர்களுக்காக மெம்பிஸ் நகரத்தில் பேசினார். புதிய எருசலேமைப் பற்றிப் போதகர்கள் பேசட்டும், ஆனால் ஒருநாள் புதிய மெம்பிஸைப் பற்றியும் பேசித்தான் ஆகவேண்டும் என்கிற கருத்தில் சொன்னார். மறுநாள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

கர்த்தர் வருவார் என்பதை நான் இன்றும் விசுவாசிக்கிறேன். அப்படி வரும்போது இந்தச் சுவரை யார் காவல் காத்தது என்று கேட்டால், என் பெயரும் அதில் இருக்கும்.

அதனால் சுவரை எடுத்துவிட்டு, ஒரே வாசல் வைக்கச் சொல்லி சபைக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் சிலருக்குக் கோபம் வரும். நேற்றே அண்ணன் போன் பண்ணி, "ஒனக்கு எதுக்கும்மா இந்த வயசுல வீண் வம்பு" என்றார். வேறு எந்த வயதில் செய்வது அண்ணே?

என் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டேன். சுவர் இருக்கும்போதே எனக்கு நேரம் வந்துவிட்டால், என்னை ஆயாவுக்குப் பக்கத்தில் வையுங்கள், பின்வழியாகவே தூக்கிப் போங்கள். உங்கள் சார் இந்தப் பக்கம் இருக்கிறார். எக்காளம் ஊதும்போது அவர் என்னைத் தேடி அங்கே வந்துகொள்வார்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டிக் கூட்டம். ஊரில் இருக்கும் பிள்ளைகள் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தால் போதும். எனக்குத் தைரியமாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்