திருத்திறதா, மாத்திறதா?

நாலு மாதமாக எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். திருத்திறதா, மாத்திறதா? சாப்பிடும்போதும் அதுதான், கோயிலுக்குப் போற வழியிலும் அதுதான். பட்டறையில் நிற்கிற சிஎன்சி செதுக்கு மெஷினைப் பற்றிய கேள்வி அது.

யாழ்ப்பாணத்தில் அண்மையில் வீடு கட்டிய யாருக்கும் இந்த மெஷினின் வேலை தெரிந்திருக்கும். முன்கதவில் கஜலட்சுமி, இல்லாட்டி இரண்டு மயில், கீழே ஒரு பூக்கொடி. முந்தி உளியாலும் கொட்டாப்புளியாலும் நாட்கணக்கில் செய்தது, இப்போது ஒரு பகலில் முடிகிறது. அப்பாவும் சித்தப்பாவும் அண்ணாவும் பட்டறையில். கடைசி இரண்டு பேரான நாங்கள் கம்பசில், கலைப்பீடம். எங்கள் பஸ் காசு முதல் போட்டோக்கொப்பிக் காசு வரை அந்த மெஷின் செதுக்கித் தந்ததுதான்.

மெஷின் வந்தது 2016இல். அப்போது டொலர் 150 ரூபாய்க்குக் கிட்ட. நாலுக்கு எட்டு அடிப் பலகை படுக்கிற மேசை, மேலே இரும்புப் பாலம், பாலத்தில் ஸ்பிண்டில். அது முன்பின்னாக, இடம்வலமாக, மேல்கீழாக மட்டும் அசையும். அதனால் மேலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தைத்தான் வெட்டும். மயிலின் கழுத்துக்கு அடியில் போய்க் குடைய ஏலாது. கட்டர் சுழன்று வெட்டுவதால் உள்மூலையும் கூராக வராது. அந்த இடங்கள் இன்றைக்கும் சித்தப்பாவின் உளிக்குத்தான்.

இரண்டு வருடமாக வட்டம் வட்டமாக வருவதில்லை. ஸ்குரூவுக்கும் நட்டுக்கும் இடையில் தேய்ந்துபோன இடைவெளி, திசை மாறும் ஒவ்வொரு முறையும் கொஞ்சத் தூரத்தை விழுங்கிவிடும். தாமரை இதழ் தொடங்கிய இடத்தில் வந்து முடியாது. ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 24,000 தரம் வரை சுற்றுகிற சாமான். அதன் பேரிங் தேய்ந்தால் கட்டர் நுனி ஆடும். முடியளவு ஆட்டம் போதும், மரத்தில் வரி வரியாக விழும். பொலிஷ் அடித்தவுடன் எல்லாம் பல்லைக் காட்டும்.

அண்ணாவின் கட்சி, மாத்த வேணும். "அப்பா, இது மெஷின் மட்டும் பழசில்லை. இதைச் சுத்தி இருக்கிறது எல்லாமே பழசு." அதில் நியாயம் உண்டு. மெஷினை ஓட்டுகிற மாக்3 மென்பொருள் பழைய பிரிண்டர் போர்ட் வழியாக வேலை செய்கிறது. 64 பிட் விண்டோசில் அந்த வழி சரிவராது. ஆகவே ஒரு பழைய கணினியைச் சாமி மாதிரிப் பாதுகாக்கிறோம். டிசைன்கள் எல்லாம் ஆட்காமில் செய்தவை. அதன் விற்பனையை ஆட்டோடெஸ்க் 2018இலேயே நிறுத்திவிட்டது.

அப்பாவின் கட்சி, திருத்திறது. அவருடைய தலைமுறைக்குத் திருத்துவது ஒரு பழக்கம் மட்டுமில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டவர்கள். "சட்டம் நேரா நிக்குது தம்பி. தேயுற சாமான்தானே தேஞ்சிருக்கு," என்றார்.

சித்தப்பா எந்தக் கட்சியிலும் இல்லை. "எதை வாங்கினாலும் மூலைக்கு நான்தானே வரவேணும்," என்றதோடு சரி.

கட்சி கட்டிக் கதைப்பதை விட்டிட்டு அளந்து பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். ஒரு பழைய பலகையில் நாலு மூலையிலும் நாலு ஓட்டை போடச் சொன்னோம். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரே பக்கத்திலிருந்து வரவேணும், இல்லாட்டி ஸ்குரூவின் தேய்மானம் கணக்கைக் குழப்பும். பிறகு இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்தோம். ஒரு மில்லிமீற்றர்கூட வித்தியாசமில்லை. அப்பா சொன்னது சரி, பாலம் கோணவில்லை. ஸ்பிண்டில், நட்டு, ரெயிலில் ஓடுகிற கட்டைகள், இவை எல்லாம் கழட்டி மாற்றக்கூடியவை. பாலம் வளைந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

அடுத்தது காசுக் கணக்கு. புதுசுக்கு எங்களுக்குச் சொன்ன விலை 22 இலட்சம். திருத்த மூன்றே கால் இலட்சம். 22 இலட்சம் என்றால் லீசிங்தான். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதமளவில் 350ஐத் தாண்டியதையும் பார்த்தோம். அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. செதுக்கிக்கொண்டு இருக்கும்போது கரண்ட் போனால் மெஷின் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். எத்தனையோ பலகை அப்படி விறகாய்ப் போனது. அப்போது எங்களுக்குக் கடன் இல்லாததால்தான் பட்டறையைப் பூட்டாமல் தப்பினோம். இதை அண்ணாவும் மறுக்கவில்லை.

ஆனாலும் இந்தக் கணக்கில் ஒருவர் விடுபட்டிருந்தார். அம்மா.

மெஷினிலிருந்து இறங்குகிற கதவை சாண்ட் பேப்பர் போட்டு மினுக்குவது அம்மா. ஸ்பிண்டில் நல்லாய் இருந்த காலத்தில் ஒரு கதவுக்கு ஒன்றரை மணித்தியாலம். இப்போது அரை நாள். தேய்ந்த பேரிங் போடுகிற ஒவ்வொரு வரியையும் அம்மாவின் கைதான் அழிக்கிறது. "மெஷின் இன்னும் ஓடுதுதானே" என்று இரண்டு வருடமாக ஓட்ட முடிந்ததற்குக் காரணம், அதன் தேய்மானம் அம்மாவின் மணிக்கட்டுக்கு மாறினதுதான். அதற்குக் கொப்பியில் ஒரு சதமும் எழுதப்படவில்லை. ஊதியமில்லா உழைப்பு என்று வகுப்பில் படிக்கிற விசயத்துக்கு, எங்கள் வீட்டில் இரவில் சித்தாலேப மணம்.

அம்மாவிடம் கேட்டபோது அவர் சொன்னது சின்ன வசனம். "எதையெண்டாலும் செய்யுங்கோ. ஆனா கெதியாச் செய்யுங்கோ."

அதுக்குப் பிறகு அதிகம் கதைக்க இருக்கவில்லை. திருத்துவது என்று முடிவு. ஆனால் அப்பா முதலில் சொன்ன மாதிரி, பேரிங்கை மட்டும் மாற்றிச் சமாளிக்கிற திருத்தம் இல்லை. ஸ்பிண்டில் முழுதாகப் புதுசு. நட்டும் கட்டைகளும் புதுசு. பழைய கணினி தேவைப்படாத ஒரு கொன்ட்ரோலர், அது அண்ணா கேட்டது. தூசி உறிஞ்சுகிற மெஷின் ஒன்று, அது நாங்கள் கேட்டது. ரெயிலைத் தின்பதும் தூசிதான், நெஞ்சுக்குள் போவதும் தூசிதான். மரத்தூசியை சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் மனிதருக்குப் புற்றுநோய் தருபவற்றின் முதலாம் பிரிவில் வைத்திருக்கிறது. எல்லாம் சேர்த்து நாலரை இலட்சம். சீட்டுக்காசு பாதி, அம்மாவின் ஒரு சங்கிலி அடகில் பாதி. சங்கிலியை முதலில் மீட்பது என்றும் எழுதி வைத்திருக்கிறோம்.

இன்னும் இரண்டு விசயம் கொப்பியில் ஏறியிருக்கு. ஒன்று, கதவு விலை போடும்போது மினுக்குகிற கூலி தனி வரியாக வரும். அது அம்மாவின் கணக்குக்குப் போகும். மற்றது, ஒவ்வொரு கதவுக்கும் ஆயிரம் ரூபாய் ஒதுக்கி வைப்பது. இந்த மெஷினும் ஒரு நாள் முடியும். அன்றைக்கு லீசிங் கந்தோர் வாசலில் போய் நிற்காமல் இருக்கத்தான் அந்த ஆயிரம்.

சாமான்கள் இன்னும் வந்து சேரவில்லை. உங்கள் வீட்டிலும் பட்டறையிலும் இதே கேள்வி இருக்கும், தையல் மெஷினாகவோ தண்ணி மோட்டராகவோ. முதலில் சட்டம் நேரா இருக்கோ என்று அளந்து பாருங்கோ. பிறகு, அது ஓடாத அளவுக்கு யார் ஓடுகினம் என்று பாருங்கோ. சித்தப்பாவுக்கு இப்போது முழங்கால் வருத்தம், நெடுநேரம் குந்தியிருக்க ஏலாது. மயிலின் கழுத்துக்கு அடியில் குடைகிற உளியைப் பிடிக்க வீட்டில் வேறொருவரும் இல்லை. போன ஞாயிறு அண்ணா அவருக்குப் பக்கத்தில் ஒரு பலகைத்துண்டோடு போய் இருந்தவர். முதல் நாள் விரலில் இரண்டு வெட்டு.