காமன் கூத்து கற்றுத்தருவது

இலங்கை மலையகத்து வட்டகொடையின் மடக்கும்பரைத் தேயிலைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை கவிஞராகி, 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினருமானார். தோட்டத்து மக்களின் பாடல்களையும் தேடித் தொகுத்தார். அந்தப் பாட்டும் கூத்தும் இன்றும் நம் பிள்ளைகளை ஆளாக்குகின்றன என்றே நினைக்கிறேன். மாசியில், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்துக்கு வேடம் கட்டும் இளவட்டங்கள் விரதம் இருக்கிறார்கள், வாத்தியாருக்குக் கட்டுப்படுகிறார்கள், தப்புப் பறையைத் தீயில் காய்ச்சி அடித்துப் பார்க்கிறார்கள். அறிவுரையால் வராத அடக்கம், நம்பி ஒப்படைத்த பொறுப்பால் வருகிறது.

‘ஓ.எல். பரீட்சை தவறினால் கூத்தா சோறு போடும்?’ என்று பெற்றோர் கேட்பது நியாயமான பயம். பரீட்சை கட்டாயம் வேண்டும். ஆனால் ஒரு பையனை ‘உருப்படமாட்டான்’ என்று பதினைந்து வயதில் முத்திரை குத்தினால், அவன் படிப்பைப் பாதியில் விட்டுக் கொழும்புக் கடைக்குத்தான் போவான். ஒன்றில் கெட்டிக்காரன் என்று பேரெடுத்த பிள்ளை கணக்கோடும் மல்லுக்கட்டும். பெண்பிள்ளைகளுக்கோ அந்தக் கூத்துக்களமும் இல்லை. பள்ளிக்கூடம்தான் அவர்களுக்கு மேடை தரவேண்டும்.