வயது ஒரு நோயன்று

பழுது வேறு, முதுமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு நாம் ஒருமுறை பெரும்பிழை செய்தோம். அது நம் தந்தையாரின் பழைய அம்பாசிடர் காரால் நமக்குப் புலப்பட்டது.

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி, மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 1957 முதல் உருவாகிய வண்டி அம்பாசிடர். 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. நம் இல்லத்தில் இருப்பது 1976-ஆம் ஆண்டின் மூன்றாம் மார்க். 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின். அத்தா வால்பாறைத் தேயிலைத் தோட்டமொன்றில் எழுத்தராயிருந்த காலத்தில் வாங்கியது. ஓய்வு பெற்றுத் திருச்சிராப்பள்ளிக்கு வந்த பின்னரும் அதனை அவர் விற்க ஒப்பவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, "ஒருமுறை அந்த மலையைப் பார்த்துவிட்டு வருவோம்" என்றார். சனிக்கிழமை புறப்படுவதென்று முடிவாயிற்று. புதன்கிழமை காலை வண்டியைக் கிளப்பியபோது அது தள்ளாடியது. பட்டறைக்காரர்கள் 'மிஸ்ஸிங்' என்பார்களே, அந்நோய். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. நான்கு உருளைகளுள் ஒன்று ஓய்ந்த எஞ்சினோடு முதியவர் ஒருவரை அவ்வழியே அழைத்துச் செல்வது அறிவுடைமை ஆகுமா?

பதற்றத்தில் நாம் செய்ததைக் கூறவும் நாணுகின்றோம். பிளக் நான்கையும் மாற்றினோம். பாயிண்ட், கண்டென்சர், காயில் ஆகியவற்றையும் மாற்றினோம். பணம் கரைந்தது, பழுது கரையவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, "வண்டிக்கு வயதாகிவிட்டது, அத்தா. வாடகைக் காரில் போவோம்" என்றோம். செவிப்புலன் மங்கிய அவருக்கு அதனை மும்முறை உரக்கச் சொல்ல நேர்ந்தது. மூன்றாம் முறை நம் குரலில் சலிப்பும் கலந்திருந்தது.

அவர் மறுமொழி கூறவில்லை. எழுந்து வந்து, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் மட்கார்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். எஞ்சின் ஒலி அவர் செவிக்கு எட்டவில்லை; அதிர்வு கைக்கு எட்டியது.

"நாலு அடிக்கு ஓர் அடி குறைகிறது. எந்தச் சிலிண்டர், தம்பி?"

மூன்று நாள்களில் நாம் ஒருபோதும் கேளாத கேள்வி அது!

அவர் சொன்னபடியே செய்தோம். வண்டியை நிறுத்தி, ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி, அதன் முனை எஞ்சினின் உலோகத்தைத் தொடுமாறு வைத்து, மீண்டும் கிளப்பினோம். நலமுள்ள உருளையின் கம்பியைக் கழற்றினால் எஞ்சின் மேலும் தளரும். முன்பே ஓய்ந்ததன் கம்பியைக் கழற்றினால் மாற்றமே இராது. ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவற்றில் தளர்ந்தது. மூன்றில் மாற்றமில்லை.

நம் அறியாமை அக்கணமே விளங்கிற்று. காயில், பாயிண்ட், கண்டென்சர், கார்பரேட்டர் ஆகியவை நான்கு உருளைகளுக்கும் பொது. பொதுவானவை கெட்டால் நான்கும் நோகுமேயன்றி, ஒன்று மட்டும் நோவது அரிது. மூன்றாம் உருளைக்கே உரியவற்றை மட்டும் ஆராய்ந்திருந்தால் போதும்.

மூன்றின் பிளக்கை இரண்டிற்கு மாற்றினோம்; பழுது இடம்பெயரவில்லை. கம்பியை மாற்றினோம், அப்போதும் அவ்வாறே. பின்னர்ப் பற்றவைப்பை அணைத்து, கியரை நடுநிலையில் வைத்து, முன்புறம் கைப்பிடி இரும்பைச் செருகி மெல்லச் சுற்றச் செய்தார். ஒவ்வோர் அரைச் சுற்றிலும் ஓர் எதிர்ப்பு, நான்கும் ஒத்திருந்தன. வால்வும் பிஸ்டனும் காற்றை ஒழுகவிடவில்லை என்பது தெளிவாயிற்று. எஞ்சியது டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி ஒன்றே.

"விளக்கை அணையுங்கள்" என்றார்.

இருளில் பானட்டைத் திறந்து பார்த்தோம். மூடியின் மூன்றாம் முனையிலிருந்து அடிவிளிம்பு வரை நீலநிறத்தில் ஒரு நூலிழை துடித்துக்கொண்டிருந்தது. எஞ்சினை நிறுத்தி மூடியைத் துடைத்துப் பார்த்தால், பென்சிலால் கீறியது போன்ற கரிக்கோடு! பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் பிளக்கிற்குச் செல்லாமல் அக்கோட்டின் வழியே கசிந்துகொண்டிருந்தது. காலைப் பனியீரத்தில் பழுது மிகுந்ததன் காரணமும் அதுவே. பார்வைக்கு நன்றாயிருந்ததனால் நாம் மாற்றாது விட்ட ஒரே பொருள் அம்மூடி. அன்றிரவே உதிரிபாகக் கடையில் புதியது வாங்கிப் பூட்டினோம். 1, 3, 4, 2 என்னும் வரிசை பிறழாது எஞ்சின் சீராக ஓடிற்று.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவனுக்கு ஓர் ஒழுங்கு வகுத்துள்ளார்: பிணி இன்னதெனத் தெளிந்து, அது பிறந்த காரணத்தைத் தேடி, அதன்பின்பே தணிக்கும் வழியை நாட வேண்டும். அக்குறளை மனப்பாடமாக ஒப்பித்துத் தேர்வில் மதிப்பெண் பெற்றவர்கள் நாம். ஆயினும், முதலிரு படிகளையும் விடுத்து மூன்றாவதில் நேரே கால்வைத்தோம்.

மறுநாள் வண்டி மலையேறியது. ஒன்பதாம் வளைவிலுள்ள லோம்ஸ் காட்சிமுனையில் நிறுத்தி, கீழே ஆழியாற்று அணையைப் பார்த்தோம். அத்தா முன்னிருக்கையில் இருந்தபடியே, உள்ளங்கையைக் கதவின்மேல் வைத்திருந்தார். "நாலும் அடிக்கிறது" என்றார்.

நாற்பது வளைவுகளிலும் நம்மை ஓர் எண்ணம் தொடர்ந்தது. வண்டிக்கு வயதாகிவிட்டது என்று சொன்ன அதே வாயால், "அத்தாவின் காதுக்கும் வயதாகிவிட்டது" என்று நெடுநாளாகச் சொல்லி வந்தோமே! எந்தக் காது, எப்போது முதல், எதனால் என்று ஒரு நாளேனும் கேட்டோமா?

ஊர் திரும்பிய வாரமே காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். வலக்காதில் குறும்பி இறுகி அடைத்திருந்தது. அதனை நீக்கியதும் அச்செவி பெரிதும் தெளிந்தது. இடக்காதின் குறை உண்மையாகவே முதுமையால் வந்தது. அது அப்படியே உள்ளது. எல்லாப் பழுதும் தீர்வதில்லை. ஆனால் தீரக்கூடியது எது, தீராதது எது என்பதைத் தேடியவனே அறிவான்.

வீடு திரும்பும்போது அவர் நம் பக்கம் திரும்பி, "ஏன் தம்பி இவ்வளவு சத்தமாகப் பேசுகிறாய்?" என்றார். நமக்கு விடை கூற நா எழவில்லை.