நனைந்த கையில் திறக்கும் கத்தி

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலைப்பொழுது. நம் தங்கையின் மூத்த மகன் வீட்டு வாசலில் வந்து நின்றான். இருபது வயது நிரம்பியவன். உயிர்ப்புப் பெருவிழா முடிந்ததும் முதன்முறையாக ஆழ்கடல் படகில் செல்லவிருப்பதாகச் சொன்னான். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையினர் சுறாவையும் சூரையையும் தேடிச் செல்லும் அப்படகுகள், ஒரு மாதம் கழிந்த பின்னும் கரை காணாமல் கடலிலேயே நிற்பதுண்டு.

"மாமா, எனக்கு நல்ல மடக்குக் கத்தி ஒண்ணு வாங்கித் தரணும்" என்றான்.

"அதற்கென்ன, வாங்கினால் போயிற்று" என்றோம்.

சற்றே தயங்கினான். "அப்பாவுக்கு வாங்கின மாதிரி வேண்டாம், மாமா" என்றான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். சொல்லக் கூடாதென்று வீட்டில் தடுக்கப்பட்ட ஒன்றைச் சொல்லிவிட்டான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. வற்புறுத்திக் கேட்ட பின்னரே உண்மை வெளிவந்தது.

நாம் கடலோரத்தில் பிறந்தும் கடலுக்குப் போகாதவர். சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்தே முப்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. ஓய்வு பெற்ற ஆண்டில் நகரத்துக் கடையொன்றின் கண்ணாடிப் பேழைக்குள் ஒரு மடக்குக் கத்தியைக் கண்டோம். மெருகேற்றிய மரப்பிடி, பித்தளைப் பூண், உள்ளே மடங்கிக் கிடந்த பதினொரு கருவிகள். கத்தரி, திருப்புளி, புட்டித் திறப்பான், பல் குத்தும் ஊசி என அனைத்தும் இருந்தன. மச்சானுக்கு அதை வாங்கிக் கொடுத்தபோது அவர் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "வாத்தியார் கத்தி" என்றார். அதைப் பாராட்டு என்றே நாம் எடுத்துக்கொண்டோம்.

2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரி முனைக்குத் தெற்கே கடந்து அரபிக்கடலுக்குள் நுழைந்தது. பல நாட்களுக்கு முன்னரே கரையை விட்டிருந்த ஆழ்கடல் படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அவற்றுள் ஒன்றில் மச்சானும் இருந்தார். படகு கவிழ்ந்தபோது தூண்டில் கயிறு அவருடைய இடக்காலைச் சுற்றி இறுக்கியது. இடுப்புப் பையிலிருந்து நம் கத்தியை எடுத்தார். அது திறக்கவில்லை. மரப்பிடி நீர் குடித்து ஊதியிருந்தது; உப்பு கீலைக் கவ்வியிருந்தது; அலகை இழுக்க வேண்டிய நகக்குழியில் நனைந்த விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. அருகில் மிதந்த தோழர், இடுப்பில் செருகியிருந்த இரை வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்தார். இரண்டு நாள் நெகிழிக் கன்னாசுகளைப் பற்றி மிதந்தவர்களை வேறொரு படகு கரை சேர்த்தது. மச்சான் பிழைத்தார். இடக்காலின் மூன்று விரல்கள் பிழைக்கவில்லை.

கயிறு அறுத்த காயம் என்றுதான் நமக்குச் சொல்லப்பட்டது. கத்தியைப் பற்றி இத்தனை ஆண்டுகள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நம் மனம் நோகும் என்று அம்மனிதர் தம் வீட்டார் அனைவரையும் வாய் மூடச் செய்திருந்தார்.

மறுநாள் மச்சானைத் தேடிச் சென்றோம். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கச் சென்ற நம்மை அவர் கேட்கவே விடவில்லை. "கடலுக்குள்ள என்ன வேணும்னு வாத்தியாருக்கு எப்படித் தெரியும்? நானாவது சொல்லியிருக்கணும்" என்றார். ஆகவே மன்னிப்புக்குப் பதிலாக ஒரு கேள்வியைக் கேட்டோம்: பையனுக்கு எப்படிப்பட்ட கத்தி வேண்டும்? அதை முன்பே கேட்டிருக்க வேண்டும்.

அவர் முதலில் சொன்னது நம்மை வியப்பில் ஆழ்த்தியது. "வலுவான கத்தின்னா மடக்காத கத்திதான்" என்றார். உண்மைதான். மடக்குக் கத்தியின் நடுவே ஒரு கீல் உண்டு. எத்தனை விலை கொடுத்தாலும் அதுவே அதன் மிக மெலிந்த இடம். அதைக்கொண்டு நெம்பினாலோ, அதன் முதுகில் சுத்தியலால் அடித்தாலோ முதலில் உடைவது கீல்தான். அப்படியாயின் எதற்கு மடக்குக் கத்தி? அதற்கும் மச்சானிடம் விடை இருந்தது. பெரிய கத்தி படகில் இருக்கும். படகு போனால் அதுவும் போகும். மடக்குக் கத்தி உடம்போடு இருக்கும். எல்லாம் போன பிறகும் எஞ்சியிருப்பது என்ற ஒரே தகுதிக்காகத்தான் மனிதன் அதைச் சுமக்கிறான். எனவே ஒன்றை விட்டு மற்றொன்றைத் தேர்வதில் பொருளில்லை, இரண்டும் வேண்டும்.

அதன்பின் சில வாரங்கள் மாணவனாக மாறிக் கற்றோம். படித்ததையும் கடைகளில் தொட்டுப் பார்த்ததையும் மச்சானின் அனுபவத்தோடு வைத்து உரசிப் பார்த்தோம்.

முதலாவது, எஃகு. கரி மிகுந்த எஃகு எளிதில் கூராகும். சாணைக்கல்லில் நாலு இழுப்பில் மீண்டும் கூர் பெறும். ஆனால் உப்புக்காற்றில் ஓரிரவிலேயே பழுப்பேறும். 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் குரோமியம் கலந்த துருவேறா எஃகை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் 1884-இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்சனர், 1891 முதல் அந்நாட்டுப் படைவீரர்களுக்கு மடக்குக் கத்தி செய்து கொடுத்தார். தம் தாய் விக்டோரியாவின் பெயரைத் தொழிலுக்குச் சூட்டிய அக்குடும்பம், 1921-இல் துருவேறா எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல்லை அதனோடு சேர்த்தது. அப்படிப் பிறந்ததே விக்டோரினாக்ஸ் என்னும் பெயர். எனினும் துருவேறா எஃகு என்பது துரு மெல்ல ஏறும் எஃகு என்றே பொருள்படும். கடல்நீர் அதையும் காலப்போக்கில் தின்னும். கரிக்குப் பெரும்பாலும் பதிலாக நைட்ரஜனைச் சேர்த்த எஃகு உப்புநீரை மிக நன்றாகத் தாங்கும். ஆனால் விலை அதிகம், கூரும் சற்று விரைவில் மழுங்கும். மிகக் கடினமான எஃகு நெடுநாள் கூர் காக்கும். மழுங்கிவிட்டாலோ சாதாரணக் கல்லுக்கு மசியாது. நெடுநாள் தனித்து வாழ வேண்டியவனுக்கு, கையிலிருக்கும் கல்லால் தானே தீட்டிக்கொள்ளக்கூடிய நடுத்தரக் கடினமே ஏற்றது.

இரண்டாவது, பூட்டு. பழைய பேனாக்கத்திகளில் அலகை நிறுத்துவது ஒரு வில்தகடு மட்டுமே. பழம் நறுக்க அது போதும். ஆடும் படகில் அழுத்தி அறுக்கும்போது அலகு மடங்கினால் விரல் போய்விடும். பிரான்சின் சவாய் மலைநாட்டில் ஜோசப் ஒபினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய எளிய உழவர் கத்திக்கு, 1955-இல் ஒரு சுழலும் வளையம் சேர்க்கப்பட்டது. அதைத் திருகினால் திறந்த அலகு மடங்காது. 1964-இல் அமெரிக்காவின் பக் நிறுவனம் வெளியிட்ட மடக்குக் கத்தி முதுகுப் பூட்டைப் பரவலாக்கியது. வகை எதுவாயினும், பூட்டு இல்லாத கத்தி கடலுக்கு ஆகாது.

மூன்றாவது, திறக்கும் விதம். ஒரு கை கயிற்றையோ கன்னாசையோ பற்றியிருக்கும்; மறு கை மட்டுமே மிஞ்சும். நகக்குழியுள்ள கத்தி இரு கைகளையும் கேட்கும். அலகில் பெருவிரல் பொருந்தும் அளவுக்குத் துளையிட்ட கத்தியை 1981-இல் ஸ்பைடர்கோ என்ற அமெரிக்க நிறுவனம் கொண்டுவந்தது. ஒரு துளைதான், ஆனால் நனைந்து விறைத்த விரலும் அதில் வழுக்காது.

இன்னும் சில சிறு செய்திகள். கயிறு அறுக்கும் மாலுமியின் கத்திக்குக் கூரிய முனை வேண்டியதில்லை. அலையில் தடுமாறுபவன் தன்னையோ தோழனையோ குத்திவிடாதபடி முனை மழுங்கியிருப்பதே நலம். விளிம்பில் பாதி ரம்பப் பல்லாக இருந்தால் நைலான் கயிறு விரைவில் அறும்; ஆனால் அப்பல்லைத் தீட்டுவது கடினம். பிடி மரமாக இல்லாமல், நீர் குடிக்காத பொருளாக இருக்க வேண்டும். அதன் முதுகு திறந்திருந்தால் உப்பும் செதிலும் தங்காமல் நன்னீரில் கழுவிவிடலாம். பிடியின் கோடியில் கயிறு கோக்க ஒரு துளை கட்டாயம். கைநழுவிய கத்தியைக் கடல் திருப்பித் தருவதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பாடத்தைக் கற்பித்தது தொலைநாட்டு நிகழ்ச்சி ஒன்று. 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாறைப் பள்ளத்தாக்கில் தனியே சென்ற ஏரன் ரால்ஸ்டன் என்ற இளைஞரின் வலக்கை, உருண்ட பாறையில் சிக்கியது. அவர் போகுமிடத்தை எவருக்கும் சொல்லிவிட்டுச் செல்லவில்லை. கையில் இருந்தது விலை மலிவான பலபயன் கருவி ஒன்று. பாறையைச் செதுக்கிச் செதுக்கி அதன் அலகு மழுங்கிற்று. 127 மணி நேரத்திற்குப் பின், எலும்பைத் தாமே முறித்து, அந்த மழுங்கிய அலகால் கையை அறுத்துக்கொண்டு உயிர் தப்பினார். அவரது மனத்திண்மையை உலகம் வியந்தது. நமக்கோ வேறு இரண்டு நினைவில் நின்றன: கூர் என்பது தேவைப்படும் நாளுக்கு முன்பே இருக்க வேண்டியது, சொல்லிவிட்டுச் செல்லும் ஒரு சொல், எந்தக் கத்தியையும் விட வலியது.

இதற்கிடையில் தங்கை கண்ணீரோடு வந்தாள். "மடக்குக் கத்தி வச்சிருந்தா போலீஸ் பிடிப்பாங்கண்ணா, ரவுடின்னு சொல்வாங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல இயலாது. ராம்பூர்க் கத்தியைத் திரைப்படங்களில் கண்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. நம் கண்களுக்கு மடக்குக் கத்தி என்றாலே இருட்டுச் சந்துதான் தோன்றும்.

அவளுக்குத் திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினோம். உரோமைக்குக் கொண்டு செல்லப்பட்ட பவுலின் கப்பல் புயலில் பதினான்கு நாள் அலைக்கழிகிறது. கப்பலில் 276 பேர். மாலுமிகள் சிலர் மற்றவர்களைக் கைவிட்டுச் சிறு படகில் தப்ப முயல்கிறார்கள். அவர்கள் போய்விட்டால் ஒருவரும் பிழைக்க முடியாது என்று பவுல் எச்சரிக்கிறார். உடனே படைவீரர்கள் அப்படகின் கயிறுகளை அறுத்து விடுகிறார்கள். பின்னர், விடிந்ததும் நங்கூரங்களையும் கழற்றிக் கடலில் விடுகிறார்கள். கப்பல் உடைகிறது, எனினும் 276 பேரும் மால்தா தீவில் கரையேறுகிறார்கள். பிரிப்பதே கத்தியின் வேலை. அன்று கயிற்றைப் பிரித்த அலகு, மனிதரைப் பிரியாமல் காத்தது. தங்கை நெடுநேரம் அப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நல்லதாகவே வாங்குங்கண்ணா" என்றாள்.

இறுதியில் வாங்கியது பார்வைக்கு எளியது. கருத்த நெகிழிப் பிடி, மூன்றங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட ஒரே அலகு, முனை மழுங்கியது, அலகில் துளை, முதுகுப் பூட்டு. கடைக்காரர் அதைவிடப் பளபளப்பான பலவற்றைப் பரப்பிக் காட்டினார். ஒருமுறை கண்ணை நம்பியது போதும் என்று விலகி வந்தோம்.

வீட்டில் ஒரு வாளி கடல்நீரில் அதை மூன்று இரவுகள் போட்டுவைத்தோம். நான்காம் நாள் மருமகனை அழைத்து, கையை எண்ணெயிலும் நீரிலும் நனைக்கச் செய்து, கண்களைக் கட்டி, இடக்கையில் கத்தியைக் கொடுத்தோம். மச்சான் தாங்கித் தாங்கி நடந்து வந்து ஓரமாய் அமர்ந்து பார்த்தார். 'டக்' என்ற ஒலியோடு அலகு திறந்தது. மடக்கச் சொன்னோம், மறுபடியும் திறக்கச் சொன்னோம். பத்து முறை. பத்து முறையும் திறந்தது. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

நன்னீரில் கழுவித் துடைப்பது, கீலில் ஒரு சொட்டுத் தையல் எந்திர எண்ணெய் விடுவது, கல்லில் ஏறத்தாழ இருபது பாகை சாய்வில் தீட்டுவது ஆகியவற்றைத் தந்தையே மகனுக்குக் கற்பித்தார். எந்தக் கத்தியும் தன்னைத்தானே காத்துக்கொள்வதில்லை என்றார். நாம் கொடுத்த முதல் கத்தியையும் யாரேனும் நாள்தோறும் திறந்து மூடியிருந்தால், ஒருவேளை அன்று அது திறந்திருக்கும். ஆனால் அதற்குத் தூண்டில் வேலையில் ஒரு பயனும் இல்லாததால், அவர் அதை எடுக்கவே இல்லை. நம் அன்பைப் போற்றிப் பையில் வைத்திருந்தார். அன்பாகக் கொடுத்தோம் என்பது மெய். ஆனால் அவருடைய நாளை, அவருடைய கையை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. நம் கண்ணுக்கு அழகானதையே கொடுத்தோம். வீட்டிலும் பங்கிலும் நாம் பிறருக்குச் செய்யும் உதவிகளுள் எத்தனை இத்தகைய பதினொரு கருவிக் கத்திகளோ என்று எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது.

துருவேறிய அந்தப் பழைய கத்தியை மச்சானிடம் கேட்டு வாங்கி வந்தோம். இதை எழுதும் மேசையின் மேல் அது கிடக்கிறது. இன்னும் திறக்கவில்லை.

மருமகன் முப்பத்தெட்டு நாள் கழித்துத் திரும்பினான். கடல் அமைதியாக இருந்ததாம். கத்திக்கு ஏதேனும் வேலை வந்ததா என்று கேட்டோம். "பெரிசா ஒண்ணுமில்ல, மாமா. கயிறு அறுத்தேன், வெங்காயம் நறுக்கினேன், ஒரு நாள் ரொட்டி வெட்டினேன்" என்றான். பிறகு இடுப்பிலிருந்து அதை எடுத்து, பேசிக்கொண்டே, பார்க்காமலே, ஒரு கையால் திறந்து காட்டினான்.