ஓராசிரியரும் ஈர் பாடங்களும்

1945ஆம் ஆண்டிலே கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி இந்நாட்டிற் பிறந்தது. கட்டணம் நீங்கினால் மட்டும் போதுமா? கற்பிப்பாரும் வேண்டுமன்றோ!

வன்னிக் கிராமத்திலோ தோட்டப் புறத்திலோ, பதினோராந் தரத்துடன் முடியும் சிறு பாடசாலையொன்றை எண்ணிப் பாருங்கள். கணிதத்துக்கு ஒருவர், விஞ்ஞானத்துக்கு ஒருவர் என அங்கே ஆசிரியர் வாய்ப்பது அரிது. வாய்த்தவரும் இடமாற்றம் பெற்றால், அவரோடு அப்பாடமும் பஸ் ஏறிவிடுகின்றது. சாதாரண தரப் பரீட்சையில் இவ்விரு பாடங்களிலும் தவறும் பிள்ளைக்கு, மருத்துவமும் பொறியியலும் எட்டாக் கனிகளே.

ஆதலின், இரண்டையும் கற்பிக்கவல்ல ஆசிரியரை நாம் ஆக்குதல் வேண்டும். ஒருவர் சம்பளத்தில் இருவர் வேலையை வாங்கும் தந்திரம் இது என்பர் சிலர். நான் அவ்வாறு கருதவில்லை. நேர்கோட்டு வரைபின் படித்திறனைக் கணித வகுப்பிலே பிழையின்றிக் காணும் மாணவன், விஞ்ஞான வகுப்பிலே ஓமின் விதியைக் கண்டு திகைப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். மின்னோட்டத்துக்கு எதிரே அழுத்த வேறுபாட்டைக் குறித்து வரைந்த கோட்டின் படித்திறனே தடை என்பது அவனுக்குத் தோன்றுவதில்லை. கணிதம் ஒரு கொப்பியிலும் விஞ்ஞானம் வேறொரு கொப்பியிலும் கிடக்கின்றன. இரண்டையும் ஒருவரே கற்பிப்பாராயின், அக்கணமே பாலமிட்டுக் காட்டுவார்.

எனினும், கணிதம் பயின்றவரிடம் விஞ்ஞான நூலைக் கொடுத்து, “எப்படியாவது சமாளியும்” என்பது பயிற்சியாகாது. 1980களில் தோன்றிய கல்வியியற் கல்லூரிகளிலே, இரண்டாண்டு விடுதியில் தங்கிக் கற்றோர் மூன்றாம் ஆண்டு பாடசாலையிற் பயிலும் முறை அமைந்தது. ஈர் பாட ஆசிரியருக்கு அம்மூன்றாம் ஆண்டு, முதிர்ந்த வழிகாட்டியொருவரின் துணையோடு சிறு பாடசாலையிலேயே கழிய வேண்டும். ஆய்வுகூடம் இல்லாவிடத்தும் கிணற்றுக் கப்பியைக் கொண்டு பொறியையும், சைக்கிட் பம்பைக் கொண்டு அமுக்கத்தையும் விளக்க அவர் அங்கேதான் கற்பார். தங்குவதற்கு நல்ல விடுதியும், ஆயத்தத்துக்குச் சில ஓய்வுப் பாடவேளைகளும் அவருக்கு அளிப்பது நம் கடன். இல்லையேல் இரட்டைச் சுமை அவரை விரைவிலே விரட்டிவிடும்.

பட்டணத்துப் பிள்ளைக்கு ஆசிரியர் வாராவிடின் ரியூசன் வகுப்பு உண்டு. குக்கிராமத்துப் பிள்ளைக்கோ அவ்வாசிரியர் ஒருவரே கதி. அவரைச் செம்மையாக ஆக்கி அனுப்பும்போதுதான் இலவசக் கல்வி அக்கிராமத்தை உண்மையாகச் சென்றடையும்.