எடைக்குப் போகக் கூடாத அட்டைகள்

ஜவ்வாது மலையில் பிறக்கும் கமண்டல நாகநதி படவேட்டைக் கடந்து ஆரணிக்கு வருகிறது. இந்த ஆற்றுப் பக்கத்து நெசவு வெள்ளைக்காரர்களின் ஏடுகளில் ஏறி வெகுகாலமாகிறது. ஆர்தர் காக்ஸின் வட ஆற்காடு மாவட்டக் கையேடு 1881-ல் வந்தது. சென்னை மாகாணப் பட்டு நெசவுக்கென்றே எட்கர் தர்ஸ்டன் 1899-ல் தனி நூல் எழுதினார். அதற்கெல்லாம் முன்பே, 1866-ல், ஃபோர்ப்ஸ் வாட்சன் இந்தியத் துணிகளில் 700 மாதிரிகளை வெட்டி, 18 தொகுதிகளாக ஒட்டி, 20 செட் தயாரித்தார். 13 செட் பிரிட்டனில் தங்கின, 7 இந்தியாவுக்கு வந்தன. நம் சனங்கள் எதை உடுத்துகிறார்கள் என்று அங்குள்ள ஆலைக்காரர்கள் பார்த்து, அதேபோல நெய்து இங்கே விற்பதற்கான ஏற்பாடு அது. நீளம், அகலம், எடை, விலை, ஊர் என்று குறித்தவர்கள் நெய்தவர் பெயரைக் கேட்கவில்லை. அன்று ஆரணிக்குப் பேர் வாங்கித் தந்தது மெல்லிய மஸ்லின். அந்தக் கைவேலை இன்று இல்லை.

இப்போது இங்கே நெய்யும் பட்டுக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்ற கவலையோடுதான் படவேட்டுக்கு அருகிலுள்ள சந்தவாசலுக்குப் போனேன்.

நான் பார்த்த வீட்டில் குழித்தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து நூலால் கோத்த அட்டைகள் மாலையாகத் தொங்கின. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. ஓட்டை இருக்கிற இடத்தில் கொக்கி பாவு இழையைத் தூக்கும், இல்லாத இடத்தில் விட்டுவிடும். மிதியை அழுத்த அழுத்த அட்டை ஒவ்வொன்றாகப் புரண்டது; கரையில் சரிகை அன்னத்தின் கழுத்து மெல்ல வளைந்தது.

பரணில் பழைய அட்டைக் கட்டுகள் கிடந்தன, சிலவற்றின் ஓரம் கரையான் அரித்து. "டிசைன் போயிடுச்சுன்னா எடைக்குப் போட்டுடுவோம் சார், வைக்க எடமில்ல" என்றார் நெசவாளர். தார் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி, "எங்க மாமனார் காலத்துது கூட அதுல இருக்குது" என்றார்.

பிறகு கூலி நோட்டைக் காட்டினார்கள். முதலாளி கொடுத்த பட்டு எவ்வளவு, சரிகை எவ்வளவு, திரும்பக் கொடுத்த சேலையின் எடை, குறைந்ததற்குப் பிடித்தம், வாங்கிய முன்பணம், பாக்கி. ஒரு குடும்பம் எந்தக் கல்யாணத்துக்குக் கடன்பட்டது, எந்த மழைக்காலத்தில் தறி நின்றது என்பதுகூட அந்தப் பக்கங்களில் தெரிகிறது. தர்ஸ்டனுக்குக் கிடைக்காத கணக்கு இது.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் காலக் கடிதங்களுக்கு அலமாரி அலமாரியாக இடமிருக்கிறது. இந்த நோட்டுகளுக்கும் ஓர் அலமாரி ஒதுக்கலாம். அட்டைக் கட்டுகளைக் கூட்டுறவுச் சங்கங்களே வாங்கிப் படமெடுத்து வைக்கலாம். ஓட்டைகள் தெளிவாக இருந்தால் போதும், நின்றுபோன டிசைனை மறுபடி தறியில் ஏற்றிவிடலாம். மின்னணு ஜக்கார்டு வந்த வீடுகளில் டிசைன் பென் டிரைவுக்குள் போய்விட்டதால், பழைய கட்டுகள் இப்போது இன்னும் வேகமாகக் கழிகின்றன. முதலில் அவற்றைத்தான் காப்பாற்ற வேண்டும்.